பேட்டரி யார் கணக்கில்?

அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில் 2022 செப்டம்பர் முதல் மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகம் திருப்பதிக்காக எடுத்த 100 மின்பேருந்துகளில் பாதி இந்தப் பாதைக்கு ஒதுக்கப்பட்டவை. பயணிகள் முதலில் கவனிப்பது சத்தமும் புகையும் இல்லாததை. ஆனால் இந்தப் பேருந்துகளின் அறிவியல் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் நன்றாகப் புலப்படும்.

திருப்பதி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருமலை சுமார் 850 மீட்டரில். ஆட்களோடு சேர்த்து 14 டன் எடையுள்ள ஒரு பேருந்தை 690 மீட்டர் மேலே தூக்க, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் 26 யூனிட் ஆற்றல் தேவை. வீட்டு மின்கட்டணத்தில் எண்ணப்படும் அதே யூனிட்தான், ஒரு கிலோவாட் மணி. டீசல் பேருந்து இந்த ஆற்றலை எண்ணெயை எரித்துப் பெறுகிறது. இறங்கும்போது அதைப் பிரேக்கிலும் எஞ்சினிலும் வெப்பமாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. மின்பேருந்து இறங்கும்போது சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன, மோட்டார் ஜெனரேட்டராக மாறுகிறது, ஏறுவதற்குச் செலவழித்த ஆற்றலில் கணிசமான பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது. அந்த அளவுக்குப் பிரேக்கின் சூடும் தேய்மானமும் குறைகின்றன.

இதே கணக்கைச் சித்தூரின் சரக்குக்குப் போட்டுப் பாருங்கள். சித்தூர் நகரம் 300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பலமனேரும் குப்பமும் அதைப்போல் இரு மடங்கு உயரத்தில். அங்கிருந்து துறைமுகத்துக்குப் போவது தோத்தாபுரி மாம்பழக் கூழும் கிரானைட் கல்லும். கூழைக் கிருமி நீக்கிய பைகளில் அடைத்து, இரும்பு டிரம்களில் வைத்து, கன்டெய்னரில் ஏற்றுகிறார்கள். எல்லாம் கனமான சரக்கு, எல்லாம் மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்குவது. திரும்பும்போது பெரும்பாலும் காலிக் கன்டெய்னர். பாரத்தோடு இறங்கி வெறும் வண்டியாக ஏறுவது மின்சார லாரிக்கு இயற்கை தந்த சலுகை. சுவிட்சர்லாந்தில் பியேல் நகருக்கு அருகே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் ஒரு மின்சார டம்பர் இப்படித்தான் ஓடுகிறது: கல்லோடு இறங்கும்போது கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டே பெரும்பாலும் மேலே ஏறிவிடுகிறது. சித்தூர் நெடுஞ்சாலைகளின் சரிவு அவ்வளவு செங்குத்தல்ல, ஆகவே அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது. ஆனால் பலமனேருக்கும் சித்தூருக்கும் நடுவில், பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதும் செய்தி அடிக்கடி வருகிற மொகிலி மலைப்பாதையில், மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்துவது உயிர்களைக் காக்கும். ஒரு நிபந்தனை உண்டு. பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. பலமனேரில் சார்ஜ் போடுபவர் கொஞ்சம் குறைவாகவே நிரப்ப வேண்டும்.

ஆக, இயற்பியல் தடையாக இல்லை. இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. துறைமுகத்துக்கு ஓடும் டீசல் லாரி மின்சார லாரியாக மாறும்போது, அந்த மாற்றத்தின் விலையை யார் சுமப்பது? சரக்குக்குச் சொந்தக்காரரா, துறைமுகமா, அரசா, லாரியின் டியூ கட்டும் மனிதரா?

முதலில் நிலப்பரப்பு. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் கன்டெய்னர்கள் நாடுவது சென்னை வட்டாரத் துறைமுகங்களை: 1881-ல் தொடங்கிய சென்னைத் துறைமுகம், 2001-ல் திறந்த எண்ணூர், அதற்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளி. வடக்கே நெல்லூர் மாவட்டத்துக் கிருஷ்ணபட்டினம் நிலக்கரி போன்ற மொத்தச் சரக்குக்குப் பெயர் பெற்றது. திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா, புத்தூர், நகரி, திருத்தணி வழியாகச் சென்னை 140 கிலோமீட்டருக்குள். சித்தூரிலிருந்து ஏறத்தாழ 150. தடாவுக்கு அருகிலுள்ள ஸ்ரீசிட்டி தொழில்நகரிலிருந்து எண்ணூருக்கு 60 கிலோமீட்டர் அளவுதான். சித்தூரையும் திருவள்ளூர் மாவட்டத்துத் தச்சூரையும் இணைக்கும் 116 கிலோமீட்டர் ஆறுவழிச் சாலை முழுமையானால் எண்ணூரும் காட்டுப்பள்ளியும் இன்னும் நெருங்கிவிடும். மின்சார லாரிக்கு ஏற்ற தூரங்கள் இவை. இங்கே ஸ்டியரிங் பிடிப்பவர்கள் தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் பேசுகிறவர்கள். டீசலைத் தமிழ்நாட்டுப் பக்கமே நிரப்பிக்கொள்பவர்கள், ஏனென்றால் ஆந்திராவில் லிட்டருக்கு விலை கூடுதல். மாநில எல்லை அவர்களுக்கு ஒரு வரிக்கணக்கு.

இனி வண்டி. சென்னையின் முருகப்பா குழுமம் மோன்ட்ரா எலெக்ட்ரிக் என்ற பெயரில் விற்கும் ரைனோ 55 டன் வகை டிராக்டர்-டிரைலர். அதன் பேட்டரி 282 யூனிட் கொள்ளும். நிறுவனம் சொல்லும் தூரம் ஒரு சார்ஜுக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அசோக் லேலண்டும் 55 டன் மின்லாரியைச் சாலைக்குக் கொண்டுவந்துவிட்டது. இந்த அளவு பேட்டரி தானே இரண்டு டன் எடை இருக்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், டீசல் டேங்க் போவதால் கொஞ்சம் ஈடாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-லேயே இத்தகைய லாரிகளுக்கு 2 டன் வரை கூடுதல் எடை அனுமதித்தது. கிரானைட் ஏற்றுகிறவருக்கு ஒவ்வொரு டன்னும் வாடகைப் பணம் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

சித்தூர்–சென்னைத் துறைமுகம் ஒரு நடை, போக வர 300 கிலோமீட்டர் என்று வைப்போம். பாரத்தோடு போகும்போது கிலோமீட்டருக்கு 1.3 யூனிட், காலியாகத் திரும்பும்போது 0.9 யூனிட் எடுத்தால் மொத்தம் 330 யூனிட். சார்ஜ் ஏற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்தால் மீட்டரில் 365 ஓடும். டீசல் வண்டி சராசரியாக லிட்டருக்கு மூன்றரைக் கிலோமீட்டர் கொடுத்தால் 85 லிட்டர். 95 ரூபாய் வீதம் 8,075 ரூபாய். மின்சாரச் செலவு எவ்வளவு என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. சொந்த யார்டில் சொந்த மின் இணைப்பில் யூனிட் 8 ரூபாய்க்குச் சார்ஜ் ஏற்றினால் 2,920 ரூபாய். நெடுஞ்சாலையோரப் பொது நிலையத்தில் வரியோடு 18 ரூபாய் என்றால் 6,570. ஒருவருக்கு நடைக்கு 5,155 ரூபாய் மிச்சம், இன்னொருவருக்கு 1,505.

இந்த இரண்டு பேரையும் கடைசி வரை பின்தொடர்வோம். வரிச்சலுகை, மானியம் எல்லாம் போக மின்லாரி டீசல் லாரியைவிட 50 லட்சம் ரூபாய் கூடுதல் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்த 50 லட்சத்தை ஏழு ஆண்டுகளில் அடைக்க வேண்டும். நூறு லாரி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு வங்கி 9 சதவீதத்தில் தருகிறது. அதற்கு நிலையான ஒப்பந்தங்கள் இருப்பதால் வண்டி ஆண்டுக்கு 300 நடை ஓடுகிறது. அப்போது கூடுதல் விலைக்கான தவணைப் பாரம் நடைக்குச் சுமார் 3,200 ரூபாய். மிச்சமோ 5,155. வட்டி போகவும் ஒவ்வொரு நடையிலும் ஏறத்தாழ 2,000 ரூபாய் லாபம். ஒற்றை லாரிக்காரருக்குக் கடன் 16 சதவீதத்தில் கிடைக்கிறது. புக்கிங் ஆபீஸ் கொடுக்கிற லோடை நம்பி ஓடுவதால் ஆண்டுக்கு 200 நடைதான். தவணைப் பாரம் நடைக்குச் சுமார் 6,000 ரூபாய். எரிபொருளில் மிச்சம் 1,500. ஒவ்வொரு நடையிலும் 4,500 ரூபாய் நட்டம்.

அதே லாரி, அதே சாலை, அதே மாம்பழக் கூழ். ஒருவர் ஏழாண்டில் பணம் பார்க்கிறார். மற்றவர் வண்டியை ஃபைனான்ஸ்காரரிடம் விட்டுவிட்டுப் போகிறார். நான் எடுத்துக்கொண்ட எண்கள் தோராயமானவை, இடத்துக்கு இடம் மாறும். ஆனால் வட்டி, மின்விலை, நடைகளின் எண்ணிக்கை என்ற மூன்றும் சிறியவருக்கு ஒரே திசையில் பாதகமாகவே சாய்கின்றன. இந்தச் சாய்வை நிமிர்த்தாமல் தேதி மட்டும் குறித்துவிட்டு "இனி டீசல் லாரிக்குத் துறைமுகத்தில் அனுமதியில்லை" என்று ஆணையிட்டால், மாற்றம் நடக்கும். அது சிறியவர்களைச் சாலையிலிருந்து துடைத்துவிட்டு நடக்கும்.

உண்மையில் நிலைமை இந்தக் கணக்கைவிடக் கடினம், ஏனென்றால் ஒற்றை லாரிக்காரர் புது டீசல் வண்டி வாங்குவதே அபூர்வம். இந்தியாவின் லாரிகளில் பெரும்பகுதி ஐந்து வண்டிகளுக்கு மேல் இல்லாதவர்களின் கையில் இருக்கிறது. பெரிய நிறுவனம் புதிதாக வாங்கி ஐந்தாறு ஆண்டு ஓட்டிவிட்டு விற்கும். அதை நான்கைந்து வண்டி வைத்திருப்பவர் வாங்குவார். அவரிடமிருந்து, பதினைந்து ஆண்டு கிளீனராகவும் டிரைவராகவும் இருந்து பணம் சேர்த்த ஒருவர் வாங்குவார். பள்ளிப்படிப்பை முடிக்காத ஒரு டிரைவர் முதலாளியாக ஏறிவந்த படிக்கட்டு இந்த செகண்ட்ஹேண்ட் சந்தைதான். அந்தப் படிக்கட்டுக்குப் பணம் கொடுப்பதையே தொழிலாக்கி வளர்ந்தது, ஆர். தியாகராஜன் நிறுவிய ஸ்ரீராம் குழுமத்தின் லாரிக் கடன் நிறுவனம். 1979-ல் சென்னையில் தொடங்கிய அது, வங்கிகள் ஏறெடுத்தும் பார்க்காத டிரைவர்களுக்குப் பழைய லாரி வாங்கக் கடன் கொடுத்தது. நீதியான மாற்றம் பற்றிப் பேசுகிற எந்தத் திட்டமும் இந்தச் சந்தையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மின்லாரிக்கு இன்னும் அப்படியொரு பழைய வண்டிச் சந்தை இல்லை. பழைய டீசல் லாரி வாங்கப் போகிறவர் ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போவார். அவர் எஞ்சினை ஓடவிட்டுச் சத்தம் கேட்பார், புகையின் நிறம் பார்ப்பார், ஆயில் கேஜை உருவித் துடைத்துப் பார்ப்பார், பத்து நிமிடத்தில் விலை சொல்லிவிடுவார். பேட்டரியின் ஆரோக்கியத்தை இப்படிக் காதாலும் கண்ணாலும் அறிய முடியாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சில ஆயிரம் முறை சார்ஜ் ஏறி இறங்கும். ஆனால் எத்தனை முறை வேகச் சார்ஜ் போட்டார்கள், எத்தனை நாள் நாற்பது டிகிரி வெயிலில் முழுச் சார்ஜோடு நின்றது, எந்த செல் வரிசை பலவீனம் என்பதெல்லாம் அதன் மென்பொருளுக்கு மட்டுமே தெரியும். அந்தத் தரவு இன்று தயாரிப்பாளரின் பிடியில். வண்டியின் விலையில் பெரும்பங்கு பேட்டரி. அதன் மீதி ஆயுளை வாங்குபவர் அறிய முடியாது என்றால், கடன் கொடுப்பவர் அதைப் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்வார். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல் மின்வாகன பேட்டரிகள் ஒவ்வொன்றுக்கும் மின்னணு அடையாளப் பதிவைக் கட்டாயமாக்குகிறது. அதுபோன்றதொரு பதிவு, சித்தூர் ஆட்டோ நகரில் இருக்கும் மெக்கானிக்கும் தன் போனில் படித்துப் பார்க்கக்கூடிய வடிவில், நமக்கு வேண்டும். மானியத்தைவிட இது மலிவு.

தேதி மட்டும் குறித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துறைமுகச் சாட்சி இருக்கிறது. கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் இரட்டைத் துறைமுகங்கள் 2006-ல் தூய காற்றுத் திட்டம் வகுத்தன. 2008 அக்டோபர் 1 முதல் 1989-க்கு முந்தைய லாரிகள் உள்ளே வரத் தடை. 2012-க்குள் எல்லா லாரிகளும் 2007-ம் ஆண்டின் உமிழ்வுத் தரத்துக்கு வர வேண்டும். காற்றைப் பொறுத்தவரை பெரும் வெற்றி. லாரிகளின் டீசல் துகள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகம் அத்தோடு இன்னொரு விதியும் போட்டிருந்தது: சரக்கு நிறுவனங்கள் டிரைவர்களைச் சம்பளத் தொழிலாளர்களாக எடுக்க வேண்டும், அப்போதுதான் புது லாரியின் செலவு நிறுவனத்தின் மேல் நிற்கும். லாரி நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது; 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. சூழல் விதி நின்றது, தொழிலாளர் விதி விழுந்தது. நிறுவனங்கள் புது லாரிகளை வாங்கி டிரைவர்களுக்கே தவணைக்குக் கொடுத்தன. லாரித் தவணை, டீசல், காப்பீடு எல்லாம் டிரைவரின் வாராந்திரக் கூலியில் பிடிக்கப்பட்டன. வாரம் முழுக்க ஓட்டிவிட்டு வெறுங்கையோடு, சில சமயம் நிறுவனத்துக்கே பாக்கிப்பட்டு வீடு திரும்பிய டிரைவர்களின் கதையை 2017-ல் யூஎஸ்ஏ டுடே நாளிதழ் விரிவாக வெளிக்கொண்டுவந்தது. துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்த மக்களின் நுரையீரலுக்குக் கிடைத்த காற்றுக்கு, பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த அந்த டிரைவர்கள் விலை கொடுத்தார்கள்.

இதை அமெரிக்கக் கதை என்று ஒதுக்க முடியாது. "வண்டி உன் பெயரில், கடன் உன் பெயரில், லோடு மட்டும் எங்கள் தயவில்" என்ற ஏற்பாடு நம் ஊரில் புதிதல்ல.

மறுபக்கத்தில், இதற்கு நேரெதிரான ஏற்பாடு திருப்பதியிலேயே கண்முன் இருக்கிறது. அந்த மலைப்பாதைப் பேருந்துகளுக்கு ஆந்திரப் போக்குவரத்துக் கழகம் பேட்டரி வாங்கவில்லை. பேருந்தை வாங்குவது, பராமரிப்பது, பேட்டரி தளர்ந்தால் பார்த்துக்கொள்வது எல்லாம் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. கழகம் ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று 12 ஆண்டுகளுக்குப் பணம் தருகிறது. மின்வாகனங்களுக்கு மானியம் தரும் மத்திய அரசின் ஃபேம் திட்டம் விலையில் ஒரு பங்கைச் சுமந்தது. எந்த ஓட்டுநரிடமும் "நீ ஒரு மின்பேருந்து வாங்கிக்கொண்டு வா" என்று யாரும் சொல்லவில்லை. புதிய தொழில்நுட்பத்தின் அபாயத்தை, அதைத் தாங்கும் வலு உள்ளவர் தோளில் வைத்தார்கள். லாரிக்கு வரும்போது மட்டும் அந்த அறிவை ஏன் மறக்க வேண்டும்?

மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டம் மொத்தம் 10,900 கோடி ரூபாய். அதில் மின்லாரிகளுக்கு 500 கோடி. 2025 ஜூலையில் வந்த விதிமுறைகளின்படி ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய், சுமார் 5,600 லாரிகளுக்கு. இது நாட்டில் மின்லாரிக்குக் கிடைத்த முதல் நேரடி ஊக்கத்தொகை, வரவேற்க வேண்டியது. ஆனால் அதைப் பெற ஒரு பழைய டீசல் லாரியை உடைத்த சான்றிதழ் காட்ட வேண்டும். நூறு வண்டி உள்ளவரிடம் உடைக்க ஒன்று எப்போதும் இருக்கும். ஒற்றை லாரிக்காரரிடம் இருப்பது அன்றாடம் சோறு போடுகிற அந்த ஒன்றுதான். அதை உடைத்தால் புது வண்டி வரும்வரை அடுப்பு எரியாது. அவர் வண்டி இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கும்போது பழைய இரும்பு விலை அவருக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? புது வண்டி கைக்கு வந்தபின் பழையதை ஒப்படைக்க ஓராண்டு அவகாசம் கொடுத்தாலே அவருக்கும் கதவு திறக்கும்.

மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகம் 2025 செப்டம்பரில் 50 மின்லாரிகளைத் தொடங்கிவைத்து, துறைமுகத்துக்குள் ஓடும் சுமார் 600 வண்டிகளில் 90 சதவீதத்தை 2026 முடிவுக்குள் மாற்ற இலக்கு வைத்தது. உள்ளே ஓடும் வண்டிகளிலிருந்து தொடங்குவது சரியான வரிசை: குறைந்த தூரம், ஒரே முதலாளி, ஒரே யார்டு. அடுத்து வரப்போவது வெளிவண்டிகளில் எளிதானவை. சென்னை வட்டாரத்தில் அது ஸ்ரீசிட்டி–எண்ணூர். போக வர 120 கிலோமீட்டர், ஒரே சார்ஜில் முடியும். ஏற்றுமதி செய்யும் ஆலைகள் பல பன்னாட்டு நிறுவனங்களுடையவை, கரியமில உமிழ்வைக் குறைப்பதாக உறுதிமொழி கொடுத்தவை. ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. குறுந்தூர, உறுதியான லோடுள்ள இந்த நல்ல பாதைகளைப் பெரிய நிறுவனங்களின் மின்லாரிகள் முதலில் எடுத்துக்கொண்டால், சிறியவர்களுக்கு மிஞ்சுவது தூரம் கூடியதும் லோடு நிச்சயமில்லாததுமான பாதைகள். பத்தாண்டு கழித்து "சிறு முதலாளிகள் மாற மறுக்கிறார்கள்" என்று அறிக்கை எழுதுவார்கள். ஆகவே முதல் பாதையிலேயே ஒரு பங்கு சிறு லாரி உரிமையாளர்களின் கூட்டுறவுக்கோ சங்கத்துக்கோ ஒதுக்கப்பட வேண்டும்.

சார்ஜ் நிலையத்துக்கு வருவோம். யூனிட் 8 ரூபாய்க்கும் 18 ரூபாய்க்கும் இடையிலுள்ள அந்தப் பத்து ரூபாய் எங்கே போகிறது? மின்சாரத்தின் விலை அவ்வளவு வேறுபடவில்லை. மத்திய மின்துறையின் 2024 வழிகாட்டுதல், சார்ஜ் நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை, மின் விநியோகத்தின் சராசரிச் செலவைவிட முப்பது சதவீதம் குறைவாகக் கட்டணம் வைக்கச் சொல்கிறது. வேறுபாடு, நாளில் பெரும்பகுதி சும்மா நிற்கும் இயந்திரத்தின் முதலீட்டிலிருந்து வருகிறது. லாரிக்கான 240 கிலோவாட் சார்ஜர் ஒரு நாளில் இரண்டு வண்டிக்கு மட்டும் பயன்பட்டால், அதன் விலை முழுக்க அந்த இரண்டு வண்டியின் யூனிட்டில்தான் ஏறும். இருபது வண்டிக்குப் பயன்பட்டால் யூனிட்டுக்குச் சில ரூபாயாக இறங்கும். ஆகவே லாரிகள் எங்கே கூட்டமாக நிற்கின்றனவோ அங்கே எல்லோருக்கும் பொதுவான யார்டு வேண்டும். அப்படிப்பட்ட இடம் சென்னையில் தேட வேண்டியதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்திலும் டிரைலர்கள் துறைமுக வாயிலுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்பது பல்லாண்டுப் பிரச்சினை. கழிப்பறை இல்லை, குளிக்க இடமில்லை, தூங்கக் கேபின்தான். டீசல் வண்டி நின்றபடி ஏசிக்காக எஞ்சினை ஓட்டினால் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் எரியும். அந்தப் புகை டிரைவரின் மூச்சிலும் சாலையோரத்து வீடுகளிலும் இறங்கும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-ல் உறுதிசெய்தது. அதே காத்திருப்பு, நிழலும் குளியலறையும் சார்ஜரும் உள்ள ஒரு யார்டில் கழிந்தால், ஒரு மணி நேரத்தில் 200 யூனிட் ஏறிவிடும், திரும்பும் பயணத்துக்கு அது போதும். ரேணிகுண்டாவிலும் நாயுடுபேட்டையிலும் தடாவிலும் இதேபோல் ஒவ்வொன்று.

பகல் நேரத்தில் சார்ஜ் ஏற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, நிலக்கரியின் பங்கு அவ்வளவு. நம் 365 யூனிட் நடைக்கு அது 256 கிலோ. 85 லிட்டர் டீசல் எரிந்தால் 228 கிலோ; எண்ணெய் எடுத்துச் சுத்திகரித்த கணக்கையும் சேர்த்தால் 270 தாண்டும். ஆக, இன்றைய சராசரி மின்சாரத்தில் கனரக மின்லாரி பருவநிலைக்குச் செய்யும் நன்மை சொற்பம். புகைபோக்கி சாலையிலிருந்து அனல்மின் நிலையத்துக்கு இடம்பெயர்கிறது, அத்தகைய அனல்மின் நிலையங்களில் சில எண்ணூரிலேயே இருக்கின்றன. வெயில் நேரத்தில் ஏற்றினால் நிலைமை மாறும். கர்னூலில் மட்டும் 1,000 மெகாவாட் சூரியப் பூங்கா 2017 முதல் இயங்குகிறது. பகலில் காத்திருக்கும் வண்டிக்குப் பகலில் மின்சாரம்: விலையும் குறைவு, கரியும் குறைவு.

ஆட்டோ நகரை விட்டுவிட்டு இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. ஆந்திர நகரங்களில் மெக்கானிக்குகள், லேத் பட்டறைகள், பாடி கட்டுபவர்கள், ரேடியேட்டர்காரர்கள் எல்லோரும் ஒரே பேட்டையில் இருப்பார்கள். மின்லாரியில் எஞ்சின் ஆயில் இல்லை, ஃபியூயல் பம்ப் இல்லை, கிளட்ச் இல்லை. டயரும் சஸ்பென்ஷனும் ஏர் பிரேக்கும் இருக்கும், அந்த வேலை இருக்கும். ஃபியூயல் பம்ப் பழுதுபார்ப்பவர் என்ன செய்வார்? திருப்பதி பேட்டரியைப் புதிதாகக் கற்க வேண்டிய ஊரல்ல. கல்லா ராமச்சந்திர நாயுடு 1985-ல் நிறுவிய அமரராஜா, கரகம்பாடியிலிருந்து நாடெங்கும் லாரிகளின் செல்ஃப் மோட்டாரைச் சுழற்றும் ஈய பேட்டரிகளை அனுப்புகிறது. அந்தக் குழுமத்தின் லித்தியம் பேட்டரி ஆலை தெலங்கானாவின் மகபூப்நகருக்குப் போனது. ஆயினும் ரேணிகுண்டாப் பக்கத்து மின்னணு உற்பத்தித் தொகுப்பில் முனோத் நிறுவனம் 2022-ல் லித்தியம் அயன் செல்களின் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. ஏர்ப்பேட்டில் ஐஐடி இருக்கிறது. உயர் மின்னழுத்தப் பேட்டரியைப் பாதுகாப்பாகத் திறந்து பழுதுபார்க்கும் பயிற்சியை ஆட்டோ நகருக்கே கொண்டுவந்து, பயிற்சி நாட்களில் கூலியும் கொடுத்தால், ஐம்பது வயது மெக்கானிக்கும் வருவார். கூலி இல்லாத பயிற்சிக்கு அவரால் வர முடியாது.

கடைசியாக, நட்டத்தில் விட்டுவந்த அந்த ஒற்றை லாரிக்காரரிடம் திரும்புவோம். அவருக்கு லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகங்களின் இப்போதைய வழி ஒன்று உதவும். 2022 ஏப்ரல் முதல் அங்கே, 20 அடி கன்டெய்னர் அளவுக்கு 10 டாலர் வீதம் சரக்குக்குச் சொந்தக்காரரிடம் வசூலித்து, சுத்தமான லாரிகளுக்கு நிதி சேர்க்கிறார்கள். 2008-ன் பாடத்துக்குப் பிறகு, பணம் டிரைவரிடமிருந்து வராமல் கப்பலில் ஏறும் பெட்டியிலிருந்து வருகிறது. சென்னை வட்டாரத் துறைமுகங்களிலும் அப்படியொரு சிறு கட்டணம் வசூலித்து, அதைக் கடன் உத்தரவாத நிதியாக வைத்தால் போதும். லாரிக்காரர் தவறினால் முதல் இழப்பை அந்த நிதி ஏற்கும் என்று தெரிந்தால், 16 சதவீதம் கேட்டவர் 11 சதவீதத்துக்கு இறங்குவார். 50 லட்சம் ரூபாய்க் கடனில், ஏழாண்டில், இதனால் மட்டும் மிச்சமாவது 11 லட்சத்துக்கு மேல். மத்திய அரசின் மானியத்தைவிடப் பெரிய தொகை. கூழ் ஆலையோ ஸ்ரீசிட்டி நிறுவனமோ அவர் சங்கத்தோடு ஏழாண்டு ஒப்பந்தம் போட்டு ஆண்டுக்கு 300 நடைக்கு உறுதி சொல்லட்டும். பொது யார்டில் யூனிட் 10 ரூபாய்க்குக் கிடைக்கட்டும். இப்போது அவருடைய மின்செலவு நடைக்கு 3,650 ரூபாய், டீசலோடு ஒப்பிட்டால் மிச்சம் 4,425. கூடுதல் விலைக்கான தவணைப் பாரம் 3,425. நடைக்கு 4,500 ரூபாய் நட்டத்தில் நின்ற அதே மனிதர், அதே வண்டியோடு, நடைக்கு 1,000 ரூபாய் லாபத்தில் சித்தூர் திரும்புகிறார்.